நாலு ஸ்டிக்கும் என் பெயரும்

இந்த ஊரில் நான் கட்டி ஓடவிட்டவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மூன்று கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களின் எடிட்டிங் கம்ப்யூட்டர்கள். ஒரு பல் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே கம்ப்யூட்டர். என்ஜினீயரிங் காலேஜ் ஒன்றின் லேப் முழுவதும். அதிலும் மழைத்தண்ணீர் ஏறி நாசமானதைப் பிரித்து, துடைத்து, காயவைத்து, இரண்டாம் தடவையும் நானே. சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்கிறவர்களுக்கு, கம்பெனி குறித்த வேகத்தைத் தாண்டி ஓடும் மெஷின்கள் எத்தனையோ, எண்ணி வைக்கவில்லை. நான் முதன்முதலில் வோல்டேஜ் ஏற்றிக் கருக்கிய பிராசஸரை மட்டும் இன்றும் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன்.

இத்தனையும் எட்டாம் வகுப்பில் தோற்றவனின் கை செய்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, சாலை கம்போளம் என்கிற இந்த ஊர்ச் சந்தைக்கு வந்து, பலசரக்கு மொத்தக்கடையில் அரிசி மூட்டை சுமந்தவன் நான். பக்கத்துக் கடை ரேடியோ ரிப்பேர்க் கடை. மூட்டை இறக்கி முடித்து அங்கே போய் நிற்பேன். அப்படி நின்று நின்று கற்றதுதான் எல்லாம். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் மெஷினின் செட்டிங் மாற்றுகிற பயோஸ் திரையில் எந்த வரி எங்கே இருக்கிறது என்பது, கண்ணை மூடினாலும் விரலுக்குத் தெரியும்.

நம் அசெம்பிளி வேலைக்காரர் சங்க மலருக்கு எழுதச் சொன்னார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக ஏதாவது எழுத வேண்டுமாம். உற்சாகம் என்னிடம் இருப்பு இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது, அதைத் தருகிறேன்.

கம்பெனி ஒரு வேகம் குறித்துத்தான் பிராசஸரை அனுப்புகிறது. அதற்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். இது உங்களுக்குத் தெரியும். இதில் எனக்கிருந்த கர்வமும் கொஞ்சமல்ல. நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் யார் எந்த மெஷின் கேட்டாலும் கொஞ்சமாவது வேகம் ஏற்றாமல் வெளியே விடமாட்டேன். "அண்ணாச்சி கை பட்டது" என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். அந்த இனிமைதான் என்னைக் கவிழ்த்தது.

செல்வி என்றொரு பெண். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லயன் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, அட்டக்குளங்கரையில் சர்வே ஆபீஸ் வைத்திருந்தாள். டிரோனை மலை மேல் பறக்கவிட்டு ஆயிரக்கணக்கில் போட்டோ எடுத்து, அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, மலைச்சரிவை அப்படியே உருவமாக்கிக் காட்டும் வேலை. கோடையில் எடுத்ததையும் இப்போது எடுத்ததையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், மண் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அவள் பிறந்த எஸ்டேட்டிலேயே அந்த வேலை வந்தது. எந்த லயன் ஆபத்து, எந்த லயன் ஆபத்தில்லை என்று அதிகாரிகள் கூட்டத்தில் அவள் கணக்குக் காட்ட வேண்டும். ஆபத்து என்று காட்டுகிற லயன்களை ஐப்பசி மழைக்கு முன் காலி செய்வார்கள். காட்டாததை விட்டுவிடுவார்கள். நாலாம் லயனில் அவளுடைய அம்மா இருந்தாள்.

அத்தனை போட்டோவையும் ஒரே சமயம் ஏந்திக்கொள்ள மெமரி நிறைய வேண்டும். நான்கு ஸ்டிக், ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு ஜிபி. ஆர்டர் எடுத்தது சின்ன முதலாளி. பழைய முதலாளியின் மகன், பி.டெக். படித்தவர். இரண்டு ஸ்டிக் முதலில் வந்தது, இரண்டு வழியில். வந்த இரண்டைப் போட்டு மெஷினைக் கட்டினேன். பிராசஸர் வேகத்தை ஏற்றினேன், மெமரியையும் அதன் அட்டைப்பெட்டியில் அச்சடித்த உச்ச வேகத்துக்கு ஏற்றினேன். ஒரு பகல், ஒரு ராத்திரி டெஸ்ட். ஒரு பிழை இல்லை. சின்ன முதலாளி போனில் வீடியோ எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டார்.

மீதி இரண்டு ஸ்டிக் வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். அன்று சாயங்காலம் பூஜைவைப்பு.

இந்த ஊரில் அது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அஷ்டமி சாயங்காலம் ஆயுதத்தைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்தால், விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். நடுவில் தொடக்கூடாது. எங்கள் கடையில் இதில் தளர்வே கிடையாது. என் ஸ்க்ரூடிரைவர் செட், பிரஷ், செட்டிங் எழுதிவைக்கும் நீள நோட்டு, மெமரி டெஸ்ட் போட்டு வைத்திருக்கும் பென்டிரைவ், எல்லாம் வாழையிலையில் ஏறியாக வேண்டும். சின்ன முதலாளியின் அம்மாவே வந்து ஒவ்வொன்றாக வாங்கி வைப்பார்கள்.

நான்கு ஸ்டிக்கும் போட்டபோது மெஷின் ஆன் ஆகவில்லை. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினேன். ஆன் ஆனது. பார்த்தீர்களா, அங்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

"தம்பி, நாலும் போட்டபெறவு மறுபடி டெஸ்ட் ஓட்டணும்லா. ஒரு நாள் வேணும்" என்றேன். வாய்க்குச் சொன்னேன். அவ்வளவுதான்.

"இனி எப்ப அண்ணாச்சி? அஞ்சு மணிக்கு பூஜைக்கு வெக்கணும். அந்தக் குட்டி வேற வந்து நிக்குது. ரெண்டு ஸ்டிக்ல ஒரு நாள் முழுக்க ஓடிச்சுல்லே? நாலும் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச். அது மதி."

"மதி", அதாவது போதும், என்று அவர் சொன்னார். என் கையும் மதி என்றது. பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கி இலையில் வைத்தேன். செல்வி மெஷினை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

மூட்டை சுமந்தவனுக்கு இது தெரியாமல் போனதுதான் கேவலம். இரண்டு மூட்டையோடு ஓடுகிறவன் நான்கு மூட்டையோடும் ஓடுவான் என்று சாலை கம்போளத்தில் எந்தச் சுமட்டுக்காரனாவது சொல்வானா? நான்கு ஸ்டிக்கையும் ஏந்துவது அதே பிராசஸர்தான். அது கீழே விழவில்லை, உண்மை. நடக்கும்போது மூட்டையிலிருந்து சிந்துகிறதா என்று நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. பூஜை எடுத்து, ஆளுக்கு அவரவர் கருவியைத் தொட்டு ஒரு சின்ன வேலையாவது செய்ய வேண்டும் என்பது வழக்கம். நான் ஸ்க்ரூடிரைவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணாச்சி, செல்வி. மெஷின் நல்லா ஓடுது. அதுதான் எனக்கு பேடியா இருக்கு."

"என்ன பிள்ளே சொல்லுத? நல்லா ஓடுனா பயம் எதுக்கு?"

"நாலாம் லயனுக்கு மேல மண்ணு ஒரு விரக்கடகூட நகரல்லன்னு காட்டுது. நான் போன வாரம் அங்க நின்னவளாக்கும். கல்லுச்சுவர்ல என் கை உள்ள போற அளவுக்கு விள்ளல் உண்டு, அண்ணாச்சி. கம்ப்யூட்டர் சொல்லுகதா, என் கண்ணு சொல்லுகதா? எங்க அம்மை அந்தச் சுவருக்குக் கீழல்ல உறங்குது."

ஒன்பது மணிக்கு அவள் ஆபீஸில் இருந்தேன். மலை முழுவதையும் கணக்கிட ஒரு நாள் ஆகும். அதனால் நாலாம் லயன் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓடியது. நகரவில்லை என்று வந்தது. "அதே போட்டோ, அதே செட்டிங். ஒண்ணும் மாத்தாம இன்னொருக்க ஓட்டு" என்றேன். இந்தத் தடவை நகர்ந்திருக்கிறது என்று வந்தது.

ஒரே கணக்குக்கு இரண்டு விடை. சாப்ட்வேராக இருந்தால் தப்பையாவது ஒரே மாதிரிச் செய்யும். இது மெமரி.

சின்ன முதலாளிக்குப் போன் போட்டேன்.

"புளூ ஸ்க்ரீன் வந்துச்சா? ஹேங் ஆச்சா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பின்னே மெஷின்ல என்ன குழப்பம்? சாப்ட்வேர்காரன் தலையில கெட்டுங்க. அந்த மெஷின் வீடியோ எத்தனை பேரு பாத்திருக்காங்க, தெரியுமா? இப்ப போய் தப்புன்னு சொன்னா கடைக்கு நாணக்கேடு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலில் வாடிக்கைக்காரன் நம் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு நொடி வரும். அதற்கு எந்த நோட்டிலும் செட்டிங் எழுதி வைக்க முடியாது.

"மக்களே, தப்பு என்னுது" என்றேன். "ரெண்டு ஸ்டிக்ல டெஸ்ட் பண்ணி நாலு ஸ்டிக் போட்டுக் குடுத்துட்டேன். வேகத்தக் கூட்டி வச்சதுனால மெமரி சிந்துது. சாப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணாச்சி, நான் வேகம் கேட்டேனா?"

நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

"மெமரி கூடுதல் வேணும்னு கேட்டேன். வேகம் நீங்களா தந்ததுல்லே?"

நாற்பது வருஷம் இந்த ஊரில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கேள்வி மாதிரி ஒன்றும் உள்ளே போனதில்லை.

கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. அப்போது ஞாயிறு பதினோரு மணி. சரியாக நாற்பத்தெட்டு மணி நேரம். கூட்டின வேகத்தில் முழு ஓட்டத்துக்கு இருபது மணி நேரம் ஆகியிருந்தது. குறைத்தால் இருபத்தெட்டு மணி நேரமாவது ஆகும். சின்ன முதலாளி மறுபடி கூப்பிட்டு ஒரு வழி சொன்னார்: "ரெண்டு ஸ்டிக்கைக் கழட்டுங்க, பழைய செட்டிங்ல விடுங்க. வேகமும் இருக்கும், பிழையும் வராது." பி.டெக். மூளை. பாதி மெமரியில் அந்த மலை அடங்காது. மிச்சத்தை டிஸ்க்கில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒரு வாரம் இழுக்கும். சுமை நான்கு மூட்டைதான், குறைக்க முடியாது. நடையைத்தான் குறைக்க வேண்டும்.

பிராசஸரின் வேகத்தைக் கம்பெனி குறித்த இடத்துக்கே இறக்கினேன். மெமரியை மட்டும் உச்சத்துக்கு ஒரு படி கீழே வைத்தேன். கர்வம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. பென்டிரைவைச் செருகி டெஸ்டைத் தொடங்கினேன். முக்கால் மணி நேரத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி. ஒரே ஒரு பிழை.

சின்ன முதலாளி போனில் சிரித்தார். "இவ்வளவு பெரிய மெமரியில ஒத்த எரர்தானே அண்ணாச்சி! டைம் இல்ல, ஓட்டச் சொல்லுங்க."

"அந்த ஒண்ணு எந்த வீட்டு மேல விழும்னு ஒமக்குத் தெரியுமா தம்பி?" என்றேன். முதலாளியை அதற்கு முன் நான் "ஒமக்கு" என்று சொன்னதில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

மெமரியையும் அடிமட்ட வேகத்துக்கு இறக்கினேன். ஏற்றிய வோல்டேஜை எடுத்தேன். விஜயதசமி நாளில் என் ஆயுதத்தைத் தொட்டு நான் செய்த முதல் வேலை, என் பெருமையை வரி வரியாக அழித்தது. பிறகு செல்வியிடம் சொன்னேன்: "பன்னெண்டு மணி நேரம் டெஸ்ட் ஓடணும். அதுவரை உன் வேலையத் தொடாண்டாம்."

"பன்னெண்டு மணிக்கூறா? சும்மா இருக்கதா?"

"சும்மாதான். நான் வெள்ளிக்கிழமை சும்மா இருந்திருந்தா இண்ணைக்கு நீ அழாண்டாம்."

"நான் அழல்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதியவர்களே, நமக்குக் கஷ்டமான வேலை இதுதான். கை பரபரக்கும். மணி ஓடும். பக்கத்தில் ஒருத்தி நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பாள். ஆனால் நாம் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மத்தியானம் கிழக்கே இடி உருண்டது. யுபிஎஸ் இரண்டு தடவை கத்தியது. நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கை வைத்தால் கரண்ட் நிற்கும் என்கிற மாதிரி.

செல்வி அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டது.

"அம்மை, ரெண்டு நாள் அக்கா வீட்ல போய் இரு."

"எதுக்குடீ?"

"மழை வருதுல்லே. சுவரு சரியில்ல."

"சுவரு உன் கல்யாணத்துக்கு முந்தியே சரியில்ல. ஆட்டை யாரு நோக்கும்? நீ வந்து புல்லு அறுப்பியா?"

"ஆட்டையும் கொண்டு போ!"

"அக்கா மாப்பிள்ளைக்கு ஆட்டு நாத்தம் ஆகாது. அவன் நாத்தம் எனக்கு ஆகுதே, நான் சொன்னேனா? காயிதம் வரட்டு, போவோம். காயிதம் இல்லாம ஒருத்தரும் எறங்கமாட்டாங்க."

காயிதம். அந்தக் காயிதம்தான் என் முன்னால் இருந்த மெஷினுக்குள் இருந்தது.

டெஸ்ட் பிழையில்லாமல் முடிந்தது. அதன் பிறகுதான் அவளை வேலையைத் தொடவிட்டேன். செவ்வாய் விடிகிற நேரத்துக்கு முழு மலையும் வந்தது. நாலாம் லயனுக்கு மேலே மண் நகர்ந்திருந்தது, கல்லுச்சுவருக்கு நேர் பின்னால், நன்றாகவே. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி இரண்டு தடவை ஓட்டச் சொன்னேன். இரண்டு தடவையும் அதே விடை. அச்சடித்து எடுத்துக்கொண்டு அவள் கூட்டத்துக்கு ஓடினாள். அந்த வாரமே நாலாம் லயன்காரர்களை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், ஆட்டோடு. பத்து நாள் கழித்து ஒரு மழையில் சுவர் விழுந்தது. கீழே இரண்டு வீட்டின் அடுக்களை போனது. ஆள் யாரும் இல்லை.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். மலர்க் குழுவுக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

சுவர் விழுந்த செய்தி பத்திரிகையில் வந்த மறுநாள், சின்ன முதலாளி இன்னொரு வீடியோ போட்டார். பழைய வீடியோவையே முன்னால் ஒட்டி, "எங்கள் கடை ஓவர்கிளாக் செய்த அதிவேக மெஷின் நாலாம் லயனைக் காப்பாற்றியது" என்று. அதிவேகமாம்! அந்த வேகம்தான் அந்த லயனைக் கொன்றிருக்கும். காப்பாற்றியது, வேகத்தை இறக்கியது. வீடியோவில் பின்னால் நின்று திருகாணி திருகுகிற ஒரு கை தெரியும். அது என் கை. முகம் வெட்டுப்பட்டிருந்தது.

செல்வி தன் அறிக்கையின் கடைசியில் நன்றி எழுத என்னைக் கடைக்கு வந்து கேட்டாள். "அண்ணாச்சி, உங்க சரியான பேரு என்ன? இத்தற நாளாட்டு அண்ணாச்சின்னே விளிச்சிட்டேன், கேக்கவே இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் சின்ன முதலாளி குறுக்கே வந்தார். "ஆள் பேரு எதுக்கு மேடம்? கடைப் பேரு போட்டா மதி. நாங்க எல்லாரும் ஒரு டீம்தானே." அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கடைப் பெயரைப் போட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். நானும் "பரவாயில்ல மக்களே" என்றுதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

வேலையை விட்டு நான் நின்ற அன்று ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அப்போதுதான் சர்வீஸ் ரூமில் புதிதாக ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று சாலை கம்போளத்தில் பல கடைகளில் அதன் நகல் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் படிக்கக் கொடுக்கிறார்களாம். 'நாலு ஸ்டிக் சட்டம்' என்று தலைப்பு. எத்தனை ஸ்டிக்கோடு மெஷின் வெளியே போகிறதோ அத்தனையும் போட்ட பிறகே டெஸ்ட். மெமரி நிறைந்த மெஷினில் வாடிக்கைக்காரர் கேட்காமல் வேகம் ஏற்றக்கூடாது. ஒரு பிழையும் பிழைதான். ஒரே வேலையை இரண்டு தடவை ஓட்டி, விடை ஒன்றுதானா என்று பார். நான் செல்வியின் ஆபீஸிலிருந்து திரும்பிவந்து என் நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்த நான்கு வரி. அப்படியே இங்கிலீஷில். மேலே சின்ன முதலாளியின் போட்டோ. தயாரித்தவர் என்று அவர் பெயர், பெயருக்குப் பின்னால் பி.டெக்.

அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு போய் மகளைப் படிக்கச் சொன்னேன். அவள் ஒரு தடவை தனக்குள் படித்துவிட்டு, "விடுங்கப்பா" என்றாள். "படி" என்றேன். படித்தாள்: "படிப்பில்லாத ஒரு பழைய டெக்னீஷியனின் கவனக்குறைவிலிருந்து கற்ற பாடம்."

தப்பு மட்டும் என்னுடையது. சரி செய்தது அவர். தப்பிலும்கூடப் பெயர் கிடையாது, படிப்பில்லாத ஒருவன்.

சங்கத்தாரே, எனக்குச் சால்வை வேண்டாம், மேடை வேண்டாம். மலரில் என் போட்டோ போடுவதாக இருந்தால் அதுவும் வேண்டாம். அந்தத் தாள் எந்தெந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறதோ அத்தனை சுவரிலும் மாற்றி ஒட்டுங்கள். நான்கு வரியையும் எழுதியவன் யார் என்று மேலே போடுங்கள். நான்கு ஸ்டிக்கையும் டெஸ்ட் பண்ணாமல் கொடுத்தவன் யார் என்று கீழே போடுங்கள். கீழே போடக் கூச்சப்பட்டு மேலே மட்டும் போட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இரண்டிடத்திலும் ஒரே பெயர்தான் வரும். செல்வி கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது. எழுத்துப்பிழை வராமல் இருக்க இங்கே நானே எழுதித் தருகிறேன்:

மா. இசக்கிமுத்து.